ஓகஸ்ட் மாதத்துப் புள்ளிப்பட்டியலை எப்படி வாசிப்பது?

நல்லூர்த் திருவிழாவும் இங்கிலாந்தின் உதைபந்தாட்டப் பிரீமியர் லீக்கும் ஏறக்குறைய ஒரே காலத்தில்தான் களைகட்டும். அங்கே சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கும் ஆட்டம் யாழ்ப்பாணத்தில் இரவு ஏழரைக்கு. கோயிலுக்குப் போய் வந்து, கால் கழுவி, சாப்பாட்டுக் கோப்பையோடு ரீவிக்கு முன்னால் உட்கார வசதியான நேரம். ஒக்டோபர் கடைசி ஞாயிறு அவர்கள் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைத்ததும் அது எட்டரையாகிவிடும். ஓகஸ்டில் தொடங்கி அதுவரை ஓடுகிற இந்த ஏழரை மணிக் காலத்தைத்தான் பருவத் தொடக்கம் என்று இங்கே சொல்கிறேன். அதற்குள் ஒவ்வொரு அணியும் ஒன்பது பத்து ஆட்டங்கள் ஆடியிருக்கும்.

என் அக்காவின் மகனுக்குப் பதினான்கு வயது. கணிதக் கொப்பியின் பின்பக்கத்தில், அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு, ஒவ்வொரு கிழமையும் புள்ளிப்பட்டியலை எழுதுவான். போன வருசம் ஐந்தாவது கிழமை அவனுடைய அணிக்கு நாலே நாலு புள்ளி. கொப்பியை மூடி வைத்துவிட்டான். "இனி என்ன மாமா பார்க்கக் கிடக்கு? ஐஞ்சு மற்ச் முடிஞ்சுது, எங்கட ரீம் இறங்கப் போகுது" என்றான். அதே கிழமை சலூனில் ஒரு அண்ணை, தன்னுடைய அணி ஐந்தில் நாலை வென்றுவிட்டதால் இந்த முறை கிண்ணம் தங்களுக்குத்தான் என்று அடித்துச் சொன்னார். ஒருவருக்கு அழுகை, மற்றவருக்குக் கொண்டாட்டம். இருவரும் செய்தது ஒரே பிழை. அந்தப் பிழை எங்கிருந்து வருகிறது என்பதை மருமகனுக்குச் சொன்னபடியே இங்கும் சொல்கிறேன்.

விலகல் முறைக்குப் பழகிய கண்

யாழ்ப்பாணத்தில் உதைபந்தாட்டம் பார்த்து வளர்ந்தவர்கள் பெரும்பாலும் கழகங்கள் நடத்துகிற சுற்றுப்போட்டிகளில்தான் வளர்ந்தோம். குருநகர், பாசையூர், நாவாந்துறை, இளவாலை என்று எந்தப் பக்கம் போனாலும் விலகல் முறைதான் அதிகம். தோற்றால் அந்தப் பின்னேரமே வீட்டுக்கு. அங்கே ஒவ்வொரு ஆட்டமும் முடிவான ஆட்டம். துரையப்பா விளையாட்டரங்கில் ஒரு இறுதிப்போட்டியைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பதற்றம் தெரியும்.

லீக் வேறு விதமானது. பிரீமியர் லீக்கில் 20 அணிகள். ஒவ்வொரு அணியும் மற்ற 19 அணிகளோடும் இரண்டு தடவை, சொந்த மைதானத்தில் ஒன்று, எதிரணியின் மைதானத்தில் ஒன்று என்று ஆடும். மொத்தம் 38 ஆட்டம். வென்றால் 3 புள்ளி, சமநிலைக்கு 1, தோற்றால் ஒன்றுமில்லை. 1981 வரை இங்கிலாந்தில் வெற்றிக்கு 2 புள்ளிதான் கொடுத்தார்கள். மே மாதத்தில் கடைசி ஆட்டம் முடியும்போது அதிக புள்ளி வைத்திருக்கும் அணிக்குக் கிண்ணம். கடைசி மூன்று அணிகள் அடுத்த வருசம் இரண்டாம் நிலை லீக்குக்குப் போகும். அதற்குப் பெயர் தரமிறக்கம்.

விலகல் முறையில் ஓர் ஆட்டம் தீர்ப்பு. லீக்கில் ஓர் ஆட்டம் 38இல் ஒரு பங்கு. நாங்கள் விலகல் முறைக் கண்ணோடு லீக்கைப் பார்க்கிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு பேணியும் நாலு சீட்டும்

சீட்டாட்டத்தில் 304 விளையாடியவர்களுக்கு இது உடனே விளங்கும். முதல் மூன்று கைக்கும் நல்ல சீட்டு விழுந்தால் நேற்றுப் பழகியவரும் துரும்பு சொல்லி வென்றுவிடுவார். இரவு முழுக்க ஆடினால்தான் ஆர் விளையாட்டுக்காரர் என்று தெரியவரும். உதைபந்திலும் அப்படித்தானா என்று மருமகன் கேட்டான். சரி, செய்து பார்ப்போம் என்று குசினியிலிருந்து ஒரு பழைய மூக்குப்பேணியை எடுத்து வந்தேன்.

கொப்பித் தாளில் நாலு துண்டு கிழித்தோம். இரண்டில் "வெற்றி", ஒன்றில் "சமநிலை", ஒன்றில் "தோல்வி" என்று எழுதி, மடித்துப் பேணிக்குள் போட்டோம். இதுதான் எங்கள் அணி. அதன் உண்மையான பலம் எங்கள் இருவருக்கும் தெரியும்: நாலில் இரண்டு வெல்லும், ஒன்று சமநிலை, ஒன்று தோற்கும். ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 1.75 புள்ளி. 38 ஆட்டத்துக்குக் கணக்குப் பார்த்தால் 66 அல்லது 67. பிரீமியர் லீக்கில் நாலாம் ஐந்தாம் இடத்துப் பக்கம் வரக்கூடிய நல்ல அணி.

ஒரு சீட்டு எடுக்க வேண்டும், வாசிக்க வேண்டும், திரும்பப் போட்டுக் குலுக்க வேண்டும். இப்படி ஐந்து தடவை. முதல் சுற்றில் அவனுக்கு வந்தது வெற்றி, வெற்றி, சமநிலை, வெற்றி, வெற்றி: 13 புள்ளி. துள்ளினான். இரண்டாம் சுற்றில் தோல்வி, சமநிலை, தோல்வி, வெற்றி, தோல்வி: 4 புள்ளி. அவனுடைய அணி வைத்திருந்த அதே நாலு. மூன்றாம் சுற்றில் 8. பேணிக்குள் இருந்த சீட்டை ஒருவரும் மாற்றவில்லை. ஒரே அணிதான்.

இந்த இடத்தில்தான் கணக்கைக் கவனிக்க வேண்டும். ஐந்து ஆட்டத்தில் 13 புள்ளி என்ற வேகத்தை 38க்கு நீட்டினால் கிட்டத்தட்ட 99 வரும். 2019-20இல் லிவர்பூல் கிண்ணம் வென்றது அதே 99 புள்ளியோடுதான். ஐந்து ஆட்டத்தில் 4 புள்ளி என்ற வேகத்தை நீட்டினால் 30; அது வழக்கமாகத் தரமிறங்கும் அணியின் புள்ளி. ஒரே பேணி, ஒரே சீட்டு, பத்து நிமிட இடைவெளியில் ஒருமுறை சம்பியன், ஒருமுறை தரமிறக்கம். பிறகு பொறுமையாக 38 தடவை எடுத்தோம். 64 வந்தது. இன்னொரு தடவை 38 எடுத்தோம், 71. ஐந்து சீட்டில் அங்குமிங்கும் பாய்ந்த அணி, 38 சீட்டில் தன்னுடைய இடத்துப் பக்கம் வந்து நின்றுவிட்டது.

இதைப் பெயர் சொல்லி ஞாபகம் வைக்க விரும்பினால் சிறு மாதிரி என்று சொல்லலாம். ஒன்றின் தன்மையை அறிய நாம் எடுத்துப் பார்க்கும் கொஞ்சத்துக்குப் பெயர் மாதிரி. அது மிகச் சிறிதாக இருந்தால் தற்செயல் தன் வேலையைக் காட்டும்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: பலம் மாறாமலே ஓர் அணி ஐந்து ஆட்டத்தில் 4 புள்ளியும் எடுக்கலாம், 13 புள்ளியும் எடுக்கலாம். அந்த நாலையும் பதின்மூன்றையும் பார்த்து அணியின் பலத்தைச் சொல்ல முடியாது.

உதைபந்தில் ஏன் தற்செயல் அதிகம்?

கரப்பந்தாட்டத்தை எடுங்கள். ஒரு செட் வெல்ல 25 புள்ளி வேண்டும். பந்து வலையில் பட்டுத் தற்செயலாக உள்ளே விழுந்தாலும் அது 25இல் ஒன்று. திறமையான அணி மெல்ல மெல்ல மேலே வந்துவிடும். உதைபந்தில் 90 நிமிடத்துக்கு இரண்டு அணியும் சேர்ந்து போடுவது சராசரியாக மூன்று கோல் அளவுதான். ஏறக்குறைய பத்துத் தடவை கோலை நோக்கி அடித்தால் ஒன்று உள்ளே போகும். அப்படியிருக்க, எதிரணிக்காரனின் முழங்காலில் பட்டுத் திசை மாறிய ஒரு பந்து முழு ஆட்டத்தின் மூன்று புள்ளியையும் எடுத்துக்கொண்டு போய்விடும். கோல் அரிது என்பதால்தான் இந்த விளையாட்டில் அவ்வளவு சந்தோசம். அதே காரணத்தால்தான் சில ஆட்டங்களின் முடிவை நம்பி எதையும் கட்ட முடியாது.

ஆரோடு ஆடினார்கள்?

பேணியில் எப்போதும் ஒரே நாலு சீட்டு இருந்தது. உண்மையான லீக்கில் ஒவ்வொரு கிழமையும் சீட்டு மாறும். கடைசி இடத்து அணியைச் சொந்த மைதானத்தில் சந்திக்கும்போது பேணிக்குள் மூன்று "வெற்றி" இருக்கலாம். சம்பியனை அவர்களுடைய மைதானத்தில் சந்திக்கும்போது மூன்று "தோல்வி" இருக்கலாம். ஐந்து ஆட்டம் முடிந்தபோது ஓர் அணி 19 எதிரணிகளில் ஐந்தைத்தான் கண்டிருக்கிறது. ஆர் அந்த ஐந்து பேர் என்று பாராமல் புள்ளியை மட்டும் ஒப்பிடுவது, இலகுவான வினாத்தாள் எழுதியவனையும் கடினமான வினாத்தாள் எழுதியவனையும் ஒரே வரிசையில் நிறுத்துவது போன்றது.

2017இல் கிறிஸ்டல் பலஸ் முதல் ஏழு ஆட்டத்தையும் தோற்றது. தோற்றது மட்டுமில்லை, ஏழு ஆட்டத்திலும் ஒரு கோல்கூடப் போடவில்லை. புள்ளி பூச்சியம், கோல் பூச்சியம். தரமிறக்கம் நிச்சயம் என்று எல்லோரும் எழுதினார்கள். ஆனால் அந்த ஏழில் மூன்று ஆட்டங்கள் லிவர்பூல், மன்செஸ்டர் சிட்டி, மன்செஸ்டர் யுனைட்டெட் ஆகியோருக்கு எதிராக, அதுவும் அவர்களுடைய மைதானங்களில். அந்தப் பருவத்தில் சிட்டி 100 புள்ளியோடு சம்பியன், யுனைட்டெட் இரண்டாவது, லிவர்பூல் நாலாவது. மிச்ச நாலு தோல்விக்கு அந்தச் சாட்டு இல்லை. ஹடர்ஸ்பீல்டிடம் சொந்த மைதானத்தில் 0-3 என்று தோற்றதை ஆரும் மறைக்க முடியாது. இருந்தும் எட்டாவது ஆட்டத்தில் முந்தைய வருசச் சம்பியன் செல்சியை 2-1 என்று வென்றார்கள். பருவம் முடியும்போது பலஸ் 44 புள்ளியோடு 11ஆம் இடம்.

சொந்த மைதானத்தின் பலன் என்பதும் கற்பனையில்லை. வழக்கமாக அங்கே சொந்த மைதானத்து அணிகள் வெல்லும் ஆட்டங்கள், வந்தவர்கள் வெல்லும் ஆட்டங்களைவிட நன்றாகவே அதிகம். கொரோனாவால் பார்வையாளர்கள் அனேகமாக இல்லாமல் நடந்த 2020-21 பருவத்தில் மட்டும் வந்தவர்களின் வெற்றி கூடிவிட்டது. கூட்டம் கத்துவது வீண் போவதில்லை என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

பொதுவாக 19 ஆட்டம் முடியும்போதுதான் எல்லோரும் எல்லோரையும் ஒருமுறையாவது சந்தித்திருப்பார்கள். ஓரளவு நியாயமான முதல் புள்ளிப்பட்டியல் என்று நான் எடுப்பது அதைத்தான். அது வருவது ஆங்கிலப் புதுவருசத்தை ஒட்டி.

சராசரிக்குத் திரும்புதல்

முதலாம் தவணைப் பரீட்சையில் ஒரு பிள்ளை 95 எடுத்துவிட்டு இரண்டாம் தவணையில் 80 எடுத்தால் வீட்டில் என்ன சொல்வார்கள்? "போனைக் கையில கொடுத்தது பிழை" என்பார்கள். ஒருவேளை அந்தப் பிள்ளை எப்போதும் 82 எடுக்கக்கூடிய பிள்ளைதான். முதல் தவணையில் படித்த கேள்விகளே வந்திருக்கும். வழக்கத்துக்கு மேலே போனது அடுத்த முறை வழக்கத்துப் பக்கம் இறங்கிவரும், கீழே போனது ஏறிவரும். அதற்கு ஒருவரும் எதையும் செய்யத் தேவையில்லை. இதற்குப் புள்ளிவிபரவியலில் சராசரிக்குத் திரும்புதல் என்று பெயர்.

2023-24இல் டொட்டன்ஹாம் முதல் பத்து ஆட்டத்தில் எட்டை வென்று, இரண்டில் சமநிலை கண்டு 26 புள்ளி எடுத்தது. தோல்வியே இல்லை. மிச்சம் 28 ஆட்டத்தில் 40 புள்ளி. முடிவில் 66 புள்ளியோடு ஐந்தாம் இடம், கிட்டத்தட்ட எங்கள் மூக்குப்பேணி அணி மாதிரி. நடுவில் முக்கியமான வீரர்கள் சிலர் காயப்பட்டதும் உண்மைதான். ஆனால் ஆட்டத்துக்கு 2.6 புள்ளி என்ற வேகம் சம்பியன்களுக்கே கடினமான வேகம். ஒருவரும் காயப்படாமல் இருந்திருந்தாலும் அது குறைந்திருக்கும்.

இந்த விசயம் விளங்கினால் இன்னொன்றும் விளங்கும். ஓர் அணி நாலைந்து ஆட்டம் தோற்றதும் பயிற்றுநரை நீக்குவார்கள். புதியவர் வந்ததும் அணி வெல்லத் தொடங்கும். எல்லாம் அவருடைய மந்திரம் என்று பேசுவோம். முன்பு சொன்ன கிறிஸ்டல் பலஸ் 2017இல் நாலு ஆட்டத்திலேயே ஃபிராங்க் டி போரை நீக்கி ரோய் ஹொட்ஜ்சனைக் கொண்டுவந்தது. ஹொட்ஜ்சன் நல்ல வேலை செய்தார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதே நேரம் ஏழு ஆட்டத்தில் ஒரு கோலும் போடாத அணிக்கு இனி மேலே வரத்தான் வழி இருந்தது. காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது குடித்த கசாயத்துக்குத்தான் சுகமாக்கிய பெயர் போகும். கசாயம் எவ்வளவு, காய்ச்சல் தானாக இறங்கியது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது லேசான காரியமில்லை. நாலு ஆட்டத்தில் ஒருவருடைய தொழிலை எடுப்பது எனக்கு ஒருபோதும் சரியாகப் படவில்லை.

அணியே இன்னும் அமையவில்லை

இன்னொரு சின்ன விசயம். வீரர்களை வாங்கி விற்கும் காலம் வழக்கமாக ஓகஸ்ட் முடிவு அல்லது செப்டெம்பர் முதல் நாள்வரை திறந்திருக்கும். அதாவது முதல் இரண்டு மூன்று ஆட்டங்களை ஆடுகிற அணி முழு அணியே இல்லை. 2018இலும் 2019இலும் பருவம் தொடங்க முன்னரே பிரீமியர் லீக் அந்தக் கதவை மூடிப் பார்த்தது. மற்ற நாடுகள் திறந்து வைத்திருந்ததால் சரிவரவில்லை, பழையபடி மாற்றிவிட்டார்கள்.

ஆட்டமுறையும் மாறும். 2016-17இல் ஆறு ஆட்டம் முடிந்தபோது மன்செஸ்டர் சிட்டி ஆறையும் வென்று 18 புள்ளி. செல்சிக்கு 10. ஆர்சனலிடம் 0-3 என்று தோற்ற பிறகு பயிற்றுநர் அன்ரோனியோ கொன்ரே பின்வரிசையில் மூன்று தடுப்பாட்டக்காரர்களை வைக்கும் 3-4-3 முறைக்கு மாறினார். அதன் பிறகு தொடர்ந்து 13 வெற்றி. மே மாதத்தில் செல்சி 93 புள்ளியோடு சம்பியன். சிட்டி மூன்றாம் இடம்.

அப்போ எதைப் பார்ப்பது?

மருமகன் கேட்டதும் இதைத்தான். புள்ளிப்பட்டியலை நம்பக்கூடாது என்றால் கொப்பி எதற்கு?

கொப்பியில் இன்னும் இரண்டு நிரல் கூட்டச் சொன்னேன். ஒன்று, சந்தித்த எதிரணிகளின் பெயரும் மைதானமும். மற்றது கோல் வித்தியாசம், அதாவது போட்ட கோலில் வாங்கிய கோலைக் கழித்தால் வருவது. நாலு ஆட்டத்தை 1-0, 2-1 என்று வென்ற அணியும் நாலையும் 3-0 என்று வென்ற அணியும் புள்ளியில் சமம். ஆனால் முதலாவது அணிக்கு ஒவ்வொரு வெற்றியும் மயிரிழையில் தப்பியது. அடுத்த மாதம் அந்த மயிரிழை மற்றப் பக்கம் சாயலாம்.

இப்போது எல்லோரும் பேசுகிற எக்ஸ்ஜி என்பதும் இந்தப் பக்கத்து விசயம்தான். எதிர்பார்க்கப்படும் கோல் என்று தமிழில் சொல்லலாம். ஒவ்வொரு அடியும் எங்கிருந்து, எப்படி அடிக்கப்பட்டது என்று பார்த்து, அப்படியான அடிகள் முன்பு எத்தனை கோலாகின என்ற கணக்கிலிருந்து ஒரு மதிப்பு கொடுப்பார்கள். தண்ட உதை நாலில் மூன்றுக்குச் சற்றுக் கூடவே கோலாகும், ஆகவே அதன் மதிப்பு முக்கால் கோலுக்குச் சற்று மேலே. நடுக் கோட்டிலிருந்து அடித்த பந்தின் மதிப்பு ஏறக்குறைய பூச்சியம், அது உள்ளே போனாலும் சரி. கோல் எத்தனை என்பது நடந்ததைச் சொல்லும். எக்ஸ்ஜி எவ்வளவு நல்ல வாய்ப்புகளை உருவாக்கினார்கள் என்று சொல்லும். முதல் பத்து ஆட்டத்தில், இனி என்ன நடக்கும் என்பதற்கு இரண்டாவதுதான் கொஞ்சம் நம்பிக்கையான குறி. அதற்கும் பத்து ஆட்டம் சின்ன மாதிரிதான் என்பதை மறக்க வேண்டாம்.

சுருக்கினால், பருவத் தொடக்கத்தில் ஒரு புள்ளிக்குள் மூன்று விசயம் கலந்து கிடக்கிறது: அணியின் பலம், சந்தித்த எதிரணிகள், தற்செயல். நாட்கள் போகப் போக மற்ற இரண்டிலும் நல்லதும் கெட்டதும் சரிக்கட்டிக்கொள்ள, பலம் வெளியே தெரியும்.

எடுத்த புள்ளி எடுத்ததுதான்

இவ்வளவையும் கேட்டுவிட்டுச் சிலர் மறுபக்கம் சாய்ந்துவிடுவார்கள்: "அப்போ முதல் பத்து மற்சுக்கும் ஒரு பெறுமதியும் இல்லை." இது முதலாவதைவிடப் பெரிய பிழை. ஓகஸ்டில் எடுத்த மூன்று புள்ளிக்கும் மே மாதத்தில் எடுத்த மூன்று புள்ளிக்கும் ஒரே நிறை. வேகம் குறையும், எடுத்த புள்ளியை ஒருவரும் திருப்பி வாங்க மாட்டார்கள்.

ஹல் சிட்டி என்ற கழகம் 1904இல் தொடங்கியது. நூறு வருசத்துக்கு மேல் காத்திருந்து, 2008இல்தான் முதல் தடவையாக முதல்நிலை லீக்குக்கு வந்தது. முதல் ஒன்பது ஆட்டத்தில் ஆறு வெற்றி, இரண்டு சமநிலை, ஒரு தோல்வி. ஆர்சனலை அவர்களுடைய மைதானத்திலேயே 2-1 என்றும், டொட்டன்ஹாமை 1-0 என்றும் வென்றது. 20 புள்ளி. லிவர்பூல், செல்சி நிற்கும் முன்வரிசையில் ஹல்லும் நின்றது.

இப்போது மருமகனின் இரண்டாவது நிரலைப் பாருங்கள். அந்த ஒன்பது ஆட்டத்தில் போட்டது 14 கோல், வாங்கியது 11. கோல் வித்தியாசம் வெறும் 3. ஆறு வெற்றியில் ஐந்து ஒரே கோலால் வந்தவை. ஒரே தோல்வி, விகனிடம் 0-5. 20 புள்ளி சொன்ன கதையை அந்த 3 சொல்லவில்லை.

மிச்சம் 29 ஆட்டத்தில் ஹல் எடுத்தது 15 புள்ளி மட்டும். கடைசி நாள், 2009 மே 24, சொந்த மைதானத்தில் மன்செஸ்டர் யுனைட்டெட்டிடம் 0-1 என்று தோற்றது. அதே நேரம் நியூகாசில் யுனைட்டெட் அஸ்ரன் வில்லாவிடம் 0-1 என்று தோற்றது. ஹல் 35 புள்ளியோடு 17ஆம் இடத்தில் தப்பியது. நியூகாசில் 34 புள்ளியோடு 18ஆம் இடம், தரமிறக்கம்.

மருமகன் அந்த ஒன்பது ஆட்டங்களையும் கொப்பியில் வரிசையாக எழுதினான். நாலாவது வரியில் கை நின்றது. செப்டெம்பர் 13, எதிரணியின் மைதானம், ஹல் 2-1 என்று வெற்றி. எதிரணி நியூகாசில்.